மாடு நின்ற நேரம்

காரமடை அரங்கநாதர் கோயிலின் தேர் நிலையைக் கடந்து, மேற்கே மலையை நோக்கிப் போகும் எந்த இட்டேரியில் நடந்தாலும், கறிவேப்பிலைத் தோட்டங்களின் காரமான வாசனைக்கு நடுவே, ஏதாவதொரு பழங்கிணற்றின் விளிம்பில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட இரண்டு கல்தூண்கள், தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல், நிற்பதைக் காணலாம். தூண்களின் தலையில் குழி இருக்கும். அக்குழிகளில் ஒரு காலத்தில் உத்தரம் பொருந்தியிருந்தது. உத்தரத்தில் உருளை சுழன்றது. இப்போது இரண்டுக்கும் இடையே நைலான் கயிறு கட்டி, பள்ளிக்கூடச் சீருடைகளை உலர்த்தியிருப்பார்கள். உழைப்பைக் குறைக்கும் யந்திரம் வந்துவிட்டால் உழைப்பவனுக்கு ஓய்வு பெருகுமா என்ற கேள்வியை மேல்நாட்டு அறிஞர்கள் பல மேஜைகளின் மேல் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்கோ அந்த ஆராய்ச்சிக்கு இந்தக் கல்தூண்களின் அடியைக் காட்டிலும் உகந்த இடம் தோன்றவில்லை.

கவலை என்பது கொங்கு நாட்டில் மனோவியாகூலத்தின் பெயர் மட்டுமன்று. கிணற்று நீரை மாடு கட்டி இறைக்கும் சாதனத்துக்கும் அதுவே பெயர். இரும்பாலான சால் ஒன்று. அதன் அடியில் தோலால் தைத்த தும்பி. சாலைத் தாங்கும் தடித்த வடம் மேலுள்ள உருளையின் வழியாகவும், தும்பியின் வாயைப் பிடித்திருக்கும் மெல்லிய வால்கயிறு கிணற்றின் உதட்டோடு ஒட்டிய மற்றோர் உருளையின் வழியாகவும் வந்து நுகத்தில் சேரும். கிணற்றிலிருந்து சரிந்து இறங்கும் பாதைக்கு வாரி என்று பெயர். மாடுகள் அந்த வாரியில் இறங்கும்போது, ஓட்டுகிறவன் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து தன் உடலின் பாரத்தையும் மாட்டின் பலத்தோடு சேர்த்துவிடுவான். சால் மேலே வரும். யானை துதிக்கையை நீட்டியது போலத் தும்பி தொட்டிக்குள் நீண்டு நீரைக் கொட்டும். பிறகு மாடுகள், திரும்பாமல், பின்னங்கால்களால் வழியைத் தடவிக்கொண்டே பின்னோக்கி மேடேறும். ஒரு சால் நீருக்கு ஒரு முறை இறக்கம், ஒரு முறை ஏற்றம். விடிவெள்ளி முளைக்கும் முன்னே தொடங்கி, வெயில் உச்சிக்கு ஏறும் வரையில் இவ்வாறு எத்தனை முறை இறங்கி ஏறினார்களோ, அத்தனை சால் நீர்தான் அன்றைய தோட்டத்துக்குப் பாத்தியதை.

இந்தத் தொழிலில் கடிகாரம் இல்லை. ஆனால் வேலை நேரம் இருந்தது. அதை நிர்ணயித்தது மாடு. காரமடைக்கு மேற்கே ஒரு தோட்டத்துச் சாளையில், சிறுவயதில் கவலை ஓட்டிய ஒரு முதியவரோடு ஒரு பிற்பகல் முழுவதும் பேசிக்கொண்டிருந்தேன். "மாடு நின்னுதுன்னா நின்னதுதானுங்க. அடிச்சாலும் நவுராது. நாமளும் அப்பத்தான் ஒரு வாய்க் கூழு குடிக்கறது. மோட்டாரு என்னத்துக்குங்க நிக்கோணும்?" என்றார் அவர். பிராணியின் மூச்சுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மீறினால் மறுநாள் கிணற்றடியில் மாடு இராது. ஆகையால் எஜமானனின் பேராசை எவ்வளவாயினும், அதற்கு மாட்டின் விலாவெலும்பு ஒரு வரம்பு கட்டியிருந்தது. நாளுக்கு மாடு வரம்பு என்றால் மாதத்துக்கு அமாவாசை வரம்பு. அன்றைக்கு ஏர் பூட்டுவதில்லை. நெசவாளர் பலர் தறியில் கால் வைப்பதும் இல்லை. தைப் பொங்கலை ஒட்டிப் பட்டிப் பொங்கலும், மாசி மகத்தில் அரங்கநாதர் தேரும், அந்நாட்களில் தாசர்கள் ஆடிவரும் பந்த சேவையும் தண்ணீர்ச் சேவையும் வருஷத்துக்கு வரம்பு. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இந்தப் பஞ்சாங்கத்தில் விசேஷமாக எதையும் குறிக்கவில்லை.

இவ்வளவு சொன்னதும், பழைய காலம் பொற்காலம் என்று நான் சாதிக்கப் போவதாக வாசகர் எண்ணக்கூடும். மாடு ஓய்ந்த நேரத்தில் பண்ணையாளும் ஓய்ந்தான் என்று எழுதினால் அது பொய்யாகும். மாட்டை அவிழ்த்த கையோடு அவன் தட்டு அறுக்கவும், சாணி அள்ளவும், மடை மாற்றவும் போனான். கூழ் குடித்த அந்தக் கால் நாழிகைதான் மாடு அவனுக்கு வாங்கித் தந்த லாபம். வருஷக் கூலியைத் தானியமாக அளந்து வாங்கிக்கொண்டு, வாங்கிய கடனுக்காக அடுத்த வருஷமும் அதே தோட்டத்தில் கட்டுண்டு கிடந்த அருந்ததியர் குடும்பங்களின் பிரயாசையால்தான் கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனம் புகழ் பெற்றது. தும்பியைத் தைத்ததும் அவர்கள் கைதான், அதன் மறுமுனையில் விடியுமுன் வாரியில் இறங்கியதும் அவர்கள் கால்தான். 1887இல் கோயம்புத்தூர் ஜில்லாவைப் பற்றிய பெருநூலை எழுதிய நிக்கல்சன், இந்த ஜில்லாவின் கிணறுகளையும் குடியானவர்களின் உழைப்பையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தார். அந்த நூல் வெளிவந்த மறுவருஷமே, மாடு கட்டாத வேறொரு விதமான உழைப்பு கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தது.

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் நிறுவிய நூற்பு மில்லே ஊரின் முதல் பஞ்சாலை. நீராவிக்குப் பசியில்லை, தாகமில்லை என்று சொல்ல முடியாது. நிலக்கரியும் தண்ணீரும் வேண்டும். ஆனால் அமாவாசை வேண்டாம். யந்திரத்தோடு கூடவே, அதன் முன் நிற்கும் மனிதனை எத்தனை மணி நேரம் நிறுத்தலாம் என்ற வழக்கும் வந்தது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் பிறந்தது. பம்பாய் மில்களின் மலிவான நூலைக் கண்டு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளின் தூண்டுதல் அதன் பின்னால் இருந்தது என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பதே அது செய்த பேருபகாரம். வளர்ந்த மனிதனைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருஷம் பாடுபட்டதன் பலனாக 1890இல் மில் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிட்டிற்று. அடுத்த ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வை எல்லாருக்கும் உரியதாக்கிற்று. அமாவாசைக்கு ஓய்ந்த குடியானவனின் பேரன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓய்ந்த கதை இப்படித் தொடங்குகிறது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஒன்று நான்காயிற்று என்று மகிழலாம். இடையில் உள்ள நாட்களின் நீளத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நீளத்தை அளந்தது சூரியனாக இருந்த வரையில் ஒருவிதம். மின்சார விளக்கு வந்த பிறகு வேறுவிதம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் மில்களில் விளக்குகள் எரியத் தொடங்கியதும், பொழுது சாய்ந்தால் வீடு என்ற நியதி போய், பதினான்கு பதினைந்து மணி நேரம் தொழிலாளர் நிற்கலாயினர். விளக்கு என்பது மனிதன் இரவில் புத்தகம் படிப்பதற்காக வந்தது என்று நாம் பள்ளிக்கூடத்தில் கற்றோம். மில் முதலாளிகள் அதை வேறுவிதமாகப் படித்திருந்தார்கள். 1908இல் அறிக்கை தந்த தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷன் இந்த நிலையைக் கண்டு எழுதியதன் விளைவாக, 1911ஆம் வருஷத்துச் சட்டம், துணி ஆலைகளில் வளர்ந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்று முதன் முதலாக ஓர் எல்லை வகுத்தது. பன்னிரண்டு என்ற அந்த எண்ணை வாசகர் சற்றே நினைவில் வைத்திருக்கட்டும்.

1930இல் ஜான் மேனார்டு கெய்ன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர், நம் பேரர்களின் காலத்தில், அதாவது நூறு வருஷத்துக்குள், யந்திரங்களின் பெருக்கத்தால் மனிதன் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமும் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரமும் உழைத்தாலே போதுமென்றாகும், மிஞ்சும் பொழுதை எப்படிக் கழிப்பதென்பதே அவனுக்குப் பெரிய சங்கடமாக இருக்கும் என்று எழுதினார். அவர் எழுதிய இரண்டாம் வருஷம், 1932இல், நீலகிரியின் மேலிருந்து விழும் பைக்காரா நீரில் பிறந்த மின்சாரம் மலையிறங்கிக் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு வந்தது. கெய்ன்ஸின் தீர்க்கதரிசனத்தைப் பரீட்சித்துப் பார்க்க இதைவிடச் சிறந்த பரிசோதனைச் சாலை உலகில் வேறெங்கே வாய்த்திருக்கும் என்று நான் சில சமயம் எண்ணியதுண்டு. ஒரே கம்பியில் வந்த ஒரே சக்தி, ஒரு பக்கம் மில்லுக்குள்ளும் மறுபக்கம் கிணற்றுக்குள்ளும் இறங்கிற்று.

முதலில் கிணறு. எண்ணெய் எஞ்சினால் நீர் இறைக்கலாம் என்று ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னை ராஜதானியில் முன்னரே பிரசாரம் செய்து வந்தார். ஆனால் நாட்டுப்புறத்துக் குடியானவனுக்கு எஞ்சின் ஒரு வாயாடி விருந்தாளி போல. வருவதும் போவதும் அதன் இஷ்டம். மின்சார மோட்டார் அப்படியன்று. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மோட்டாரைக் கோயம்புத்தூரில் ஓட்டிக் காட்டினார்கள். பிறகு ஊரெங்கும் வார்ப்படச் சாலைகளும் பம்பு செய்யும் பட்டறைகளும் முளைத்தன. இரண்டு ஜோடி மாடும் இரண்டு ஆளும் அரை நாள் இறைத்த நீரை ஒரு பொத்தான் அநாயாசமாக மேலே கொண்டுவந்து கொட்டிற்று. மிச்சமான அந்த அரை நாள் என்னவாயிற்று?

அது கரும்பாயிற்று, வாழையாயிற்று. கம்பும் சோளமும் இரண்டு தண்ணீரில் விளைந்த இடத்தில், நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் பணப் பயிர்கள் வந்தன. எல்லார் கிணற்றிலும் மோட்டார் இறங்கியதால் நிலத்தடி நீர் கீழே இறங்கிற்று. நீரைத் தொடர்ந்து கிணறும் இறங்கிற்று. கிணற்றுக்குள் குழாய்க் கிணறு போட்டு, ஆயிரம் அடியைத் தாண்டித் துளையிடும் நாளும் வந்தது. மாடு இறைத்த காலத்தில் தோட்டக்காரன் மாட்டுக்குத் தீனி போட்டான். மோட்டார் வந்த பிறகு கடனுக்கு வட்டி போட்டான். வட்டிக்கு அமாவாசை கிடையாது.

பண்ணையாளின் கதை இதில் தனி. கவலை போனதும் தும்பி தைக்கும் தொழில் போயிற்று. வருஷக் கட்டும் மெல்ல மெல்லத் தளர்ந்தது. அவனுக்கு அது நஷ்டமென்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். அவனே சொல்ல மாட்டான். ஆனால் அவனுக்கு மிச்சமான நேரத்துக்குக் கூலி கொடுப்பார் இல்லை. விடுதலையானவன் மறுநாள் காலையில் வேறொரு வாசலில் வேலை கேட்டு நிற்கவேண்டியிருந்தது. யந்திரம் மிச்சப்படுத்திய நேரம் யாருடைய மிச்சம் என்ற கேள்வியை, எந்த நூலையும் படிக்காமலே, காரமடைப் பிர்காவின் ஒவ்வொரு சேரியும் அறிந்திருந்தது.

மின்சாரமே கிணற்றின் உயிராகிவிட்டபடியால், அதன் விலை பைசாக் கணக்கில் ஏறினாலும் தோட்டக்காரனுக்கு உயிர்ப் பிரச்சினையாயிற்று. கோயில்பாளையத்தை அடுத்த வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் திரண்டனர். 1970 ஜூனில் பெருமாநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து மூன்று பேர் மாண்டனர். 1972இல் மாட்டு வண்டிகள் சாரி சாரியாகப் புறப்பட்டு வந்து கோயம்புத்தூர் நகரத்து வீதிகளை அடைத்துக்கொண்டு நின்றன. எந்த மின்சாரம் தங்களைக் கவலையிலிருந்து நீக்கியதோ, அந்த மின்சாரம் எஜமானனுக்கு மலிவாகக் கிடைக்க வேண்டுமென்று, அம்மாடுகள் அரசாங்கத்தின் வாசலில் அசை போட்டுக்கொண்டு நின்றதை எண்ணும்போதெல்லாம், சரித்திரத்துக்கும் நகைச்சுவை உணர்வு உண்டென்று எனக்குத் தோன்றும். 1990ஆம் ஆண்டையொட்டி எல்லாப் பாசன மோட்டார்களுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இலவசமாக வந்த பொருள் கேட்ட நேரத்தில் வருமா? மும்முனை மின்சாரம் பகலில் சில மணியும் இரவில் சில மணியுமாக முறை வைத்து வரலாயிற்று. கவலை ஓட்டியவன் விடியலுக்கு முன் எழுந்தான். மோட்டார் வைத்தவன் நடுநிசியில் எழுந்து, கையில் டார்ச்சும் கண்ணில் பாம்பு பயமுமாக வரப்பில் நடந்தான்.

மில்லின் பக்கம் வருவோம். அங்கே நேரம் குறைந்தது உண்மை. ஆனால் அதை எந்த யந்திரமும் குறைக்கவில்லை. 1922இல் வாரத்துக்கு அறுபது மணி, 1934இல் ஐம்பத்துநான்கு, 1946இலும், சுதந்திரத்துக்குப் பின் 1948இன் தொழிற்சாலைச் சட்டத்திலும் நாற்பத்தெட்டு. இந்த ஒவ்வொரு படிக்கும் பின்னால் கதவடைப்பும் வேலைநிறுத்தமும் சிறையும் பட்டினியும் உண்டு. 1918இல் சென்னையில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பின்னி ஆலைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார்கள். 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். 1937ஐ ஒட்டிய வருஷங்களில், ராஜாஜி முதன் மந்திரியாகவும் வி.வி. கிரி தொழில் மந்திரியாகவும் இருந்த காலத்தில், கோயம்புத்தூர் மில்கள் வேலைநிறுத்தங்களால் அதிர்ந்தன. தொழிலாளர் தலைவர்களான என்.ஜி. ராமசாமியும் ஜீவானந்தமும் நின்று பேசிய மில் வாசல்கள் பல இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பெயர்ப் பலகைகளைத் தாங்கியிருக்கின்றன.

இந்த எண்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாரம் ஐம்பத்துநான்கு மணி என்றால் ஆறு நாளைக்கு நாளொன்றுக்கு ஒன்பது. இரண்டு ஷிப்ட் வைத்தால் யந்திரம் பதினெட்டு மணி ஓடும். நாற்பத்தெட்டு என்றால் நாளொன்றுக்கு எட்டு, மூவெட்டு இருபத்துநான்கு. மனிதனின் நாள் குறையக் குறைய, யந்திரத்தின் நாள் நீண்டு, கடைசியில் கடிகாரம் முழுவதையும் விழுங்கிவிட்டது. எட்டு மணி நேர வேலை என்ற, உலகத்துத் தொழிலாளர் இரத்தம் சிந்திக் கேட்ட கோரிக்கை, ஒரு கதிரும் ஒரு கணமும் நிற்காத மில்லுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்பதை யாரும் முன்கூட்டி நினைத்திருப்பார்களா என்பது சந்தேகமே. மில் சங்கு ஊதியபோது ஊரே நேரம் பார்த்துக்கொண்ட காலம் அது. மூன்றாவது ஷிப்ட்டின் சங்கொலி தூங்குகிறவர்களை எழுப்பிற்று. மூன்றாவது ஷிப்ட் முடித்தவர்களை முதல் ஷிப்ட்டின் சங்கொலி தூங்க அனுப்பிற்று.

காரமடைக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே, மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிறது பெரியநாயக்கன்பாளையம். அங்கே 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், ஸ்விட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியின் கூட்டுறவோடு நூற்பு யந்திரங்களைச் செய்யத் தொடங்கிற்று. வேலையாளைக் குறைக்கும் யந்திரத்தைச் செய்வதே ஆயிரக்கணக்கானோருக்கு வேலையாயிற்று. ஒரு ஸ்பின்னிங் கூடத்துக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீண்ட யந்திரத்தின் இருபுறமும் நூற்றுக்கணக்கான கதிர்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழல, சைடர் என்று அழைக்கப்படும் தொழிலாளி அவற்றுக்கு நடுவே ஓயாமல் நடந்துகொண்டே, அறுந்த இழையை விரல் நுனியால் பிடித்து ஒட்டிவிட்டுப் போவாள், பஞ்சுத் துகள் அவள் புருவத்தில் படிந்திருக்கும், நூல் நிறைந்த பாபின்களை டாஃபர்கள் கூட்டமாக வந்து பிடுங்கி, காலி பாபின்களைச் செருகுவார்கள். இன்று நவீன மில்லில் அந்தப் பிடுங்கலையும் செருகலையும் யந்திரமே ஒரே மூச்சில் செய்துவிடுகிறது. டாஃபர் போனார், சைடர் நின்றார், முன்பு இரண்டு பக்கம் பார்த்தவள் இப்போது அதைவிடப் பல பக்கங்களைப் பார்க்கிறாள். நடையின் தூரம் கூடிற்று, நேரம் குறையவில்லை. பெண்களை இரவில் வேலை வாங்கக்கூடாது என்று 1948இன் சட்டம் விதித்திருந்த தடையைச் சமத்துவத்துக்கு விரோதமென்று சென்னை உயர்நீதிமன்றம் நீக்கிற்று. தென் ஜில்லாக்களிலிருந்து மூன்று வருஷ ஒப்பந்தத்தில், கல்யாணச் செலவுக்குத் தொகை கிடைக்குமென்ற நம்பிக்கையில், மில் விடுதிகளுக்கு வந்து தங்கிய இளம்பெண்கள் இரவு ஷிப்ட்டையும் ஏற்றார்கள். அந்த ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்த ரசிகர் யாரோ. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களிலோ, சட்டம் வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்று சொன்னபோதும் ஷிப்ட் பன்னிரண்டு மணியாகவே நடந்துவந்தது. கூலிக்கு நெய்கிறவர் தமக்குத் தாமே முதலாளி என்பதால், தம்மையே தாம் பிழிந்துகொள்வதைத் தடுக்க ஒருவரும் இல்லை.

2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபையில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறிற்று. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலை வாங்க அது வழி செய்தது. வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்ற எல்லை மாறாது. விரும்பினால் நான்கே நாளில் அதை முடித்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். உலகெங்கும் அறிஞர்கள் ஆவலோடு பேசிவரும் நான்கு நாள் வாரம், நம்மிடம் வந்தபோது 1911ஆம் வருஷத்துச் சட்டையை அணிந்துகொண்டு வந்தது. தோழமைக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். கெய்ன்ஸ் குறித்த நூறு வருஷம் 2030இல் நிறைவெய்தும். வாரம் பதினைந்து மணி என்று அவர் சொன்ன இடத்தில், நாற்பத்தெட்டு மணியை நான்கு நாளில் அடக்குவதா, ஆறு நாளில் பரப்புவதா என்பதே நம் சட்டசபையில் எழுந்த வாதம்.

சிறுவயதில் கவலை ஓட்டிய அந்த முதியவரின் தோட்டத்துக் கிணற்றடியில் இப்போது ஸ்டார்டர் பெட்டியோடு ஒரு சிறு கருவி இணைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு சிம் கார்டு. மும்முனை மின்சாரம் வந்ததும் அது தானாகவே செல்போனுக்குத் தகவல் சொல்லும். எங்கிருந்தாலும் விரலால் அழுத்தி மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். பேரன் வாங்கி வைத்தது, எண்ணும் அவனுடையதுதான். அவன் பக்கத்து மில் ஒன்றில் மூன்றாவது ஷிப்ட். போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவரோடு பேசிய அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே நான் தங்கினேன். இரண்டு மணி சுமாருக்கு ஏதோ சத்தம் கேட்டு விழித்துப் பார்த்தால், முதியவர் தலைமாட்டிலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கரண்டு வந்திருச்சுங்க. மூணு பல்பும் எரியுது பாருங்க. நீங்க படுங்க," என்று சொல்லிவிட்டு, கல்தூண்களுக்கு நடுவே காய்ந்துகொண்டிருந்த சீருடைகளை ஒரு கையால் விலக்கியபடி, கிணற்றை நோக்கிப் போனார்.